செபஸ்தியார் சுரூபம்: காலடித் தலைக்கவசத்தையும் அம்பின் வேரையும் பார்த்து வாங்குங்கள்

ஜனவரி 20 புனித செபஸ்தியார் திருநாள். பத்து நாள் திருவிழா என்றால் 11ஆம் தேதி கொடி ஏறிவிடும். அதற்குள் புதுச் சுரூபம் (சிலை) வந்து, சாமியார் மந்திரித்து ஆசீர்வதித்து, சப்பரத்தில் ஏற வேண்டும் என்று நினைக்கும் ஊர்கள் பெரும்பாலும் கார்த்திகையில்தான் விசாரிக்கக் கிளம்புகின்றன. திருநெல்வேலிச் சீமைக்கு அது அடைமழைக் காலம். ஈரம் காயாத பிளாஸ்டரும் அவசரத்தில் மெலிதாக வார்த்த ஃபைபரும் ஊர்க்காரர் தலையில் விழுவது அந்த ஒன்றரை மாதத்தில்தான். ஆடி, ஆவணியிலேயே சொல்லிவைத்தால் பாதித் தொல்லை இல்லை.

பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கடைகளிலும் பட்டறைகளிலும் செபஸ்தியார் நான்கு பொருளில் கிடைக்கிறார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஃபைபர் (கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த வார்ப்பு), மரம், வீட்டு அலமாரிக்கான சிறிய ரெசின் வார்ப்பு. நம்ம வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் சப்பரக் குலுக்கலுக்கும் இவற்றில் எது தாங்கும் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். சுரூபம் செபஸ்தியாரின் வாழ்க்கையைச் சரியாகச் சொல்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவர் கேட்காததால் செய்கிறவரும் விட்டுவிட்டார். அதனால் அதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

போர்வீரர் எங்கே போனார்?

கடையில் வரிசையாக நிற்கும் செபஸ்தியார்களைப் பாருங்கள். மரத்தில் கட்டிய ஒரு இளைஞர், இடுப்பில் துணி, உடம்பில் அம்புகள். இவர் ரோமைப் படையின் அதிகாரி என்பதற்கு அந்தச் சுரூபத்தில் ஒரு தடயமும் இருக்காது. பழைய வார்ப்புகளில் மரத்தடியில் ஒரு தலைக்கவசமும் மார்புக்கவசமும் கழற்றிப் போட்டபடி கிடக்கும். சிலவற்றில் சிவப்புப் போர்வை ஒன்று கிளையில் தொங்கும். அச்சில் இந்தப் பகுதி சிக்கலானது. தலைக்கவசத்தின் அடிவளைவில் அச்சு மாட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தனியே வார்த்து ஒட்ட வேண்டும். அரை நாள் வேலை கூடுதல். செலவைக் குறைக்கப் பட்டறைகள் முதலில் கைவைத்தது இதில்தான்.

ஆனால் அவருடைய வாழ்க்கையே அந்தத் தலைக்கவசத்தில்தான் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவருடைய பாடுகளின் (துன்பங்களின்) வரலாறு இப்படிச் சொல்கிறது: நார்போன் ஊரில் பிறந்து மிலான் நகரில் வளர்ந்தவர். படையில் சேர்ந்தது துன்புறும் கிறிஸ்தவர்களுக்குத் துணையாக இருக்கத்தான். ரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் அவரை அரண்மனைக் காவல்படையின் தலைவராக்கினான். அந்தச் சீருடைக்குள் இருந்துகொண்டே சிறையில் கிடந்த மாற்கு, மார்சலியன் என்ற இரட்டையருக்குத் துணிவு சொன்னார். பேச்சிழந்த சோயி என்ற பெண்ணுக்குப் பேச்சு திரும்பியது. ரோமை நகரின் ஆளுநர் குரோமாசியுசே மனம் மாறினார். விஷயம் வெளியே தெரிந்ததும் மன்னன் அவரை வெளி நடுவே கட்டி, வில்வீரர்களுக்குக் குறியாக நிறுத்தினான். முள்ளம்பன்றியைப் போல உடம்பெங்கும் அம்பு தைத்து நின்றார் என்கிறது அந்த வரலாறு.

அவர் சாகவில்லை. அடக்கம் செய்ய வந்த ஈரின் என்ற கைம்பெண் மூச்சு இருப்பதைக் கண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயம் ஆற்றினார். எழுந்து நடமாட முடிந்ததும் தப்பிப் போகாமல், மன்னன் வரும் படிக்கட்டில் போய் நின்று அவன் செய்யும் அநியாயத்தை முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டாவது தடவை அம்பு இல்லை, தடியடி. அடித்துக் கொன்று ரோமையின் பெருஞ்சாக்கடையில் உடலைப் போட்டார்கள். லூசினா என்ற பெண் அதை மீட்டு, ஆப்பியன் சாலையோர நிலவறைக் கல்லறையில் அடக்கினார். இன்றும் அந்த இடத்தில் அவர் பெயரில் பசிலிக்கா நிற்கிறது.

அம்பு அவரைக் கொல்லவில்லை என்பது தெரிந்தால் சுரூபம் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். தலை தொங்கி, கண் மூடி, செத்தவர் போல வார்த்திருந்தால் அதை எடுக்காதீர்கள். கண் திறந்து மேல்நோக்கி இருக்க வேண்டும். இடது மார்பில் நெஞ்சுக்கு நேரே ஆழமாகத் தைத்த அம்பு வேண்டாம். தோள், புயம், விலா, தொடை, கெண்டைக்கால் போதும். அம்பின் எண்ணிக்கைக்குக் கணக்கு எதுவும் கிடையாது. மூன்று, ஐந்து, ஏழு என்று வைப்பதெல்லாம் செய்பவர் வசதி. நான்கடிச் சுரூபத்துக்கு ஐந்து பார்வைக்கும் நன்றாக இருக்கும், பராமரிக்கவும் முடியும். இரத்தத்தை ஓடையாக வழியவிட்ட வண்ணப்பூச்சையும் தவிர்க்கலாம். அம்பு தைத்த இடத்தில் ஒரு சிறு சிவப்பு வட்டமும் அதற்குக் கீழே ஒரு விரல் நீளக் கோடும் போதும்.

தாடி வைத்த செபஸ்தியாரை "இது வேற யாரோ" என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது தவறு. ரோமையில் சங்கிலிப் புனித பேதுரு ஆலயத்தில் உள்ள ஏழாம் நூற்றாண்டு மொசைக் ஓவியத்தில் அவர் நரைத்த தாடியோடு, அரசவை உடையில், கையில் வெற்றி முடியோடு நிற்கிறார். அம்பே இல்லை. மரத்தில் கட்டிய தாடியில்லா இளைஞர் உருவம் பரவியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் கையில். ஆக, கவசம் அணிந்து, கையில் அம்பும் குருத்தோலையும் பிடித்து நிற்கும் வடிவமும் முறையானதே. சப்பரத்துக்கு அது இன்னும் வசதி, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பீடத்தில் கல்வெட்டு வைப்பவர்கள் ஆண்டைத் துல்லியமாகப் பொறித்துவிடுகிறார்கள். "கி.பி. 288 அளவில்" என்று போடுங்கள், "அளவில்" என்ற சொல் அவசியம். உறுதியாக நிற்பவை இரண்டு செய்தி. கி.பி. 354ஆம் ஆண்டின் ரோமை மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள்) பட்டியலில் ஜனவரி 20 என்ற நாளும் அடக்கம் செய்த இடமும் இருக்கின்றன. அவர் மிலான்காரர் என்பதை நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோஸ் எழுதியிருக்கிறார். கல்வெட்டில் இந்த அளவு போதும்.

அம்பு: முதலில் உடைவது, கடைசியில் கவனிக்கப்படுவது

எந்தப் பொருளில் வாங்கினாலும் செபஸ்தியார் சுரூபத்தில் முதலில் போவது அம்புதான். பெரும்பாலான பட்டறைகள் அம்பை ரெசினிலோ பிளாஸ்டரிலோ வார்த்து உடம்போடு ஒட்டிவிடுகின்றன. முதல் திருவிழாவில் அதில் மாலையை மாட்டுவார்கள். இரண்டு கிலோ ரோஜா மாலை ஓரடி நீள அம்பின் நுனியில் தொங்கினால், பாரம் முழுவதும் நெம்புகோல் போல அம்பின் வேரில் ஏறும். வேரில் மயிரிழை விரிசல் விழும். அடுத்த வருஷம் சப்பரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அம்பு கையோடு வந்துவிடும். அரால்டைட் போட்டு ஒட்டுவார்கள், அடுத்த முறை சதையோடு பெயரும். மூன்றாவது திருவிழாவில் துளை கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஆகியிருக்கும்.

இதற்கு வழி, கழற்றி மாட்டும் அம்பு. வார்க்கும்போதே அம்பு வர வேண்டிய இடத்தில் ஒரு பித்தளைக் குழாயைப் பதிக்கச் சொல்ல வேண்டும். உள்விட்டம் 6.5 மி.மீ., நீளம் 50 மி.மீ. இருந்தால் நான்கடிச் சுரூபத்துக்குச் சரி. குழாயின் பின்பக்கத்தைச் சுற்றி உள்ளே ரெசினும் கண்ணாடி நாரும் சேர்த்து உருண்டையாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழாயே ஆட ஆரம்பிக்கும். அம்பு 6 மி.மீ. பித்தளைக் கம்பி. கம்பியின் அடியில் பருத்தி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, மெழுகுவர்த்தி மெழுகைத் தடவிச் செருகினால் ஆடாது, வேண்டும்போது திருகி எடுக்கலாம். பசை எதுவும் போடக் கூடாது.

இறகுப் பகுதியைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பற்றவைக்கலாம். மரத்தில் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரம் பக்கத்தில் சொப்புச் சாமான் கடையும் கடைசல் பட்டறைகள் இருக்கின்றன. கம்பி நுழையும் துளையோடு 12 மி.மீ. தண்டு கடைந்து, அரக்குப் பூச்சே போட்டுத் தருவார்கள். அந்த அரக்கின் மினுமினுப்புக்கு எந்தப் பெயின்ட்டும் ஈடாகாது.

நீளத்துக்கு ஒரு கணக்கு. நிஜ அம்பு இரண்டரை அடி, ஆள் ஐந்தரை அடி என்று வைத்தால் நான்கடி உருவத்துக்கு அம்பு 21, 22 அங்குலம் வரும். உடம்புக்குள் போனதைக் கழித்தால் வெளியே 15 அங்குலமாவது தெரிய வேண்டும். அவ்வளவு நீளம் சப்பரத்தில் பந்தல் துணியிலும் விளக்கு வயரிலும் மாட்டும். 10 முதல் 12 அங்குலத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. கடையில் 5 அங்குல அம்போடு நிற்பவை தூரத்திலிருந்து ஆணி அடித்தது போலத் தெரியும்.

அம்பின் சாய்வும் முக்கியம். வால் மேல்நோக்கி இருந்தால் பார்க்க அழகு, ஆனால் திறந்தவெளியில் மழைத்தண்ணீர் தண்டோடு வழிந்து உடம்புக்குள் இறங்கும். குருசடிக்கும் (தெருவோரச் சிற்றாலயம்) கெபிக்கும் (குகை வடிவப் பீடம்) வாங்குகிறவர்கள் வால் சற்றே தாழ்ந்திருக்கும்படி கேளுங்கள், ஐந்து பாகை போதும். மாலையும் அதில் நிற்காமல் வழுக்கி விழும். அதைவிட நல்ல ஏற்பாடு, மரத்தின் பின்பக்கம் தோள் உயரத்தில் இரண்டு கொக்கி வைப்பது. மாலைக் கயிறு அங்கே கட்டப்பட்டால் அம்புக்கு வேலையே இல்லை. கொக்கி வைத்துத் தராத சுரூபத்தைச் சப்பரத்துக்கு வாங்காதீர்கள்.

கழற்றும் அம்பில் இன்னொரு நன்மையும் உண்டு. கேரளத்தில் செபஸ்தியாரின் அம்பை மட்டும் தனியே வீடு வீடாக எடுத்துச் செல்லும் அம்புப் பெருநாள் வழக்கம் இருக்கிறது. நம்ம பக்கத்திலும் முத்தி செய்ய (முத்தமிட) அம்பை நீட்டும்படி கேட்கிறவர்கள் உண்டு. ஒட்டிய அம்பைப் பிடித்து இழுப்பதைவிட, ஒன்றைக் கழற்றித் தட்டில் வைத்துவிடலாம்.

எந்தப் பொருள்?

பிளாஸ்டர்தான் விலை குறைவு. முகத்தின் நுணுக்கமும் அதில்தான் நன்றாக விழும். கன்னத்தின் மென்மை, கண்ணிமை, விரல் நகம் வரை வரும். அதனால் கோயிலுக்குள் கண்ணாடிக் கூட்டில் நகராமல் நிற்கப்போகும் சுரூபத்துக்கு அது இன்றும் நல்ல பொருள். கெடுவது தண்ணீரில். வார்ப்பில் 10 கிலோ பொடிக்கு ஆறு, ஏழு லிட்டர் தண்ணீர் சேர்ப்பார்கள். பொடி இறுகுவதற்கு வேண்டியது இரண்டு லிட்டருக்கும் குறைவு. மிச்சம் அத்தனையும் காற்றில் காய்ந்து போக வேண்டும். கோடையில் பத்து நாளில் காயும் நான்கடி வார்ப்பு ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதம் ஆனாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அதன்மேல் எனாமல் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி, தைமாத வெயிலில் கொப்புளம் கொப்புளமாகப் பெயரும். சுரூபத்தின் அடியில் வண்ணம் பூசாத இடத்தில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் காயவில்லை.

பிளாஸ்டரின் உள்ளே தேங்காய் நாரோ சணலோ கொடுத்திருக்கிறதா என்று பீடத்தின் அடியில் உள்ள துளை வழியாகப் பார்க்க வேண்டும். செபஸ்தியாருக்குக் கைகள் தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலோ கட்டப்பட்டிருக்கும். மேலே தூக்கிய கைக்குள் 8 மி.மீ. கம்பி ஓடவில்லை என்றால் மணிக்கட்டு ஒரு நாள் விழும். அந்தக் கம்பி வெறும் இரும்பாக இருந்தாலும் ஆபத்து. ஈரப் பிளாஸ்டரில் துருப்பிடித்துப் பருத்து உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். துத்தநாகப் பூச்சுள்ள கம்பி கேளுங்கள். காலடியில் உப்பும் மிளகும் கொட்டி நேர்ச்சை செலுத்தும் வழக்கமுள்ள குருசடியில் பிளாஸ்டர் வேண்டவே வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பாதத்தை மாவாக்கிவிடும். எவ்வளவு உயர்ந்த வேலைப்பாடானாலும் இதற்குத் தப்பாது.

ஃபைபர் இப்போது சந்தையை ஆள்கிறது. தகுதியும் உண்டு. நான்கடி உருவம் மரத்தோடும் பீடத்தோடும் சேர்த்து சுமார் 15 முதல் 20 கிலோ. பிளாஸ்டரில் இதுவே 40 கிலோவைத் தொடும். சப்பரம் தூக்குகிற தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். நல்ல வார்ப்பு என்றால் அச்சில் முதலில் ஜெல் பூச்சு (வெளிமேனிக்கான ரெசின் பூச்சு), பிறகு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி நார்ப் பாய் ஒன்று, அதன்மேல் 450 கிராம் பாய் மூன்று. எல்லாம் சேர்ந்து 4 மி.மீ. வரும். காசுக்காகக் குறைப்பவர்கள் இரண்டு பாயோடு நிறுத்துவார்கள். வெளியிலிருந்து தெரியாது. செல்போன் விளக்கை அடித்துளை வழியாக உள்ளே விட்டு, அறையை இருட்டாக்கி வெளியே பாருங்கள். அக்குள், கழுத்துமடிப்பு, துணியின் ஆழ்ந்த மடிப்பு இவற்றில் வெளிச்சம் கசிந்தால் அங்கே நார் போகவில்லை, வெறும் ஜெல் பூச்சுதான் நிற்கிறது. விரல் முட்டியால் தட்டினாலும் மெலிந்த இடத்தில் டொக்கென்று பொள்ளலாகக் கேட்கும்.

வாடையும் ஒரு சோதனை. ரெசினில் கெட்டியாக்கும் திரவம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு சேர்க்க வேண்டும். குறைந்தால் மாதக்கணக்கில் பிசுபிசுப்பும் நெடியும் போகாது, வண்ணம் பிடிக்காது. கூடினால் சூடேறி நாளடைவில் நுண்விரிசல் விடும். மழை நாளில் ஈரம் ஏறிய நார்ப்பாயை வைத்து வார்த்தால் உள்பக்கம் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். இதுவும் அடித்துளையில் தெரியும்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் போன்ற கடற்கரை ஊர்களுக்கு ஃபைபரைவிட்டால் வழியில்லை என்றே சொல்லலாம். அங்கே கெடுவது ஃபைபர் அல்ல, அதற்குள் வைத்த இரும்பு. பீடத்து ஆணி, கைக்கம்பி, அம்புக்குழாய் எதுவும் இரும்பாக இருக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் என்று பொதுவாகச் சொன்னால் 304 ரகம் போடுவார்கள், கடற்காற்றில் அதுவும் பழுப்புப் புள்ளி விடும். 316 ரகம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பீடத்தின் அடியில் 10 மி.மீ. காற்றுத்துளை இரண்டு இருக்க வேண்டும். அடைத்துவிட்டால் பகல் சூட்டில் விரிந்து இரவில் வியர்த்து உள்ளே தண்ணீர் நிற்கும்.

வண்ணம்: ஃபைபருக்கு இரண்டு கலவையாக வரும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட், மேலே மினுங்காத தெளிபூச்சு. பளபளப்பான பூச்சு போட்டால் சப்பர விளக்கில் முகம் பொம்மை முகமாகிவிடும், கண்ணின் பார்வையே தெரியாது. இதைக் கடையில் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு விளக்கைக் கீழிருந்து மேலே பிடித்துப் பாருங்கள், திருவிழா இரவில் அப்படித்தான் தெரியும். மேற்குப் பார்த்த குருசடிகளில் சிவப்புதான் முதலில் வெளுக்கும். காவிச் சிவப்பு நிற்கும், பளிச்சென்ற ரத்தச் சிவப்பு இரண்டு கோடையில் ரோஸ் நிறமாகும்.

மரம் தனி மரியாதை உடையது. நான்கடித் தேக்குச் சுரூபம் 25, 30 கிலோ வரும். விலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம், இரண்டு மூன்று மாதம் பொறுக்கவும் வேண்டும். ஆனால் உடைந்தால் அதே மரத்தில் ஒட்டுப்போட்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடிவது மரத்தில் மட்டும்தான். தேக்கு அல்லது குமிழ் மரம் நல்லது. கட்டையின் நடுக்குருத்து உருவத்துக்குள் வந்தால் நெஞ்சிலிருந்து தொடைவரை நீள விரிசல் விழும். அதனால் தெரிந்த ஆசாரி குருத்தை விலக்கிக் கட்டை எடுப்பார், அல்லது முதுகுப் பக்கம் குடைந்துவிடுவார். செபஸ்தியார் முதுகை மரத்தில் சாய்த்து நிற்பதால் அந்தக் குடைவு வெளியே தெரியாது. வைரம் தவிர்த்த வெள்ளைப்பாகம் எங்காவது சேர்ந்திருந்தால் வண்டு அங்கேதான் துளைக்கும். பீடத்தைச் சுற்றி மாவு போல உதிர்ந்திருந்தால் துளை உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் மரம் ஊதும், பங்குனியில் சுருங்கும். கை ஒட்டுகள் பசையில் மட்டும் நின்றால் இந்த ஊதலில் விட்டுவிடும். உள்ளே மர ஆணி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய மரச் சுரூபம் இருக்கிற ஊர்கள், "மங்கிப்போச்சு" என்று அதை அறையில் போட்டுவிட்டுப் புது ஃபைபர் வாங்குவது பெரிய இழப்பு. அந்த மங்கலுக்குப் பாதிக் காரணம் மெழுகுவர்த்திக் கரி. பஞ்சை மென்சோப்புத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உள்ளங்கையளவு இடம் இடமாகத் துடைத்தாலே முகம் வெளியே வரும். மண்ணெண்ணெயும் தின்னரும் பழைய வண்ணத்தையே கரைத்துவிடும். புது எனாமல் பூசுவது அதைவிடக் கொடுமை. பழைய ஆசாரி வைத்த கண்ணையும் உதட்டையும் பிறகு மீட்கவே முடியாது.

ரெசின் சிறு வார்ப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பளிங்குப் பொடி கலந்தது. 8 அங்குலம், 12 அங்குலம் வரும். கனமாக நிற்கும், நுணுக்கம் நன்றாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். ராணுவத்திலும் போலீசிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் செபஸ்தியார் படைவீரர்களின் பாதுகாவலர் என்று விரும்பி வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கவசம் அணிந்த வடிவமே பொருத்தம். நீட்டி நிற்கும் அம்பு இல்லாததால் துடைக்கும்போது உடைய ஒன்றுமில்லை.

அளவு, சப்பரம், வண்டி

"நாலடி" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் பீடத்தின் அடியிலிருந்து மரத்தின் உச்சிக் கிளை வரை. ஆள் மூன்றடிதான் இருப்பார். பாதத்திலிருந்து உச்சந்தலை வரை எத்தனை அங்குலம் என்று எழுதி வாங்குங்கள். சப்பரத்துக்குள் நிற்க வேண்டிய சுரூபமென்றால் கிளையின் அகலத்தையும் அளக்க வேண்டும். உயரம் சரியாக இருந்து கிளை சப்பரத் தூணில் இடிப்பது அடிக்கடி நடக்கிறது.

கட்டிய மரம் வெறும் காட்சிக்கல்ல, சுரூபத்தின் முதுகெலும்பு அது. அதற்குள் பீடம் முதல் தோள் வரை 12 மி.மீ. கம்பி ஒன்று ஓடினால் குலுக்கல் முழுவதையும் மரம் தாங்கிக்கொள்ளும், கணுக்கால் தப்பிக்கும். கம்பி இல்லாத வார்ப்பில் விரிசல் எப்போதும் கணுக்காலில்தான் விழும், மொத்தப் பாரமும் அங்கே திரும்புகிறது. பீடத்துக்கு 12 மி.மீ. கடல்ரக பிளைவுட் பலகை, அதன் ஓரங்களும் ரெசினில் அடைத்திருக்க வேண்டும். நான்கு மூலையில் 10 மி.மீ. போல்ட், அகன்ற வாஷர், சப்பரத் தட்டுக்கும் பீடத்துக்கும் நடுவே 5 மி.மீ. ரப்பர். கயிறு போட்டுக் கட்டினால் முதல் தெரு தாண்டுவதற்குள் தளரும். கவசம் அணிந்து நிற்கும் வடிவத்துக்கு மரம் கிடையாது, ஆனால் தரைவரை தொங்கும் போர்வை அதே வேலையைச் செய்யும். நீட்டிய அம்பும் இல்லை, தூக்கிய கையும் இல்லை. சப்பரத்துக்கு வசதி என்று மேலே சொன்னது இதனால்தான். நீண்ட தெருக்களும் குறுகிய முடுக்குகளும் உள்ள ஊருக்கு எங்கள் பரிந்துரை அந்த வடிவமே.

கொண்டுவரும்போது அம்புகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் போடுங்கள். சுரூபத்தை மல்லாக்கப் படுக்கவையுங்கள், அடியில் ஒரு சாண் உயரம் வைக்கோல். நிறுத்திக் கொண்டுவந்தால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் கணுக்கால் அடிவாங்கும்.

இந்த ஊரில் இவர் ஏன்

கொள்ளைநோய்க்காரர்கள் செபஸ்தியாரைத் தேடிவந்ததற்குப் பழைய காரணம் உண்டு. 680இல் வட இத்தாலியின் பாவியா நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அவருக்கு ஒரு பீடம் அமைத்து, ரோமையிலிருந்து அவருடைய திருப்பண்டத்தை (உடலின் எச்சத்தை) கொண்டுவந்த பிறகு நோய் நின்றது என்று பவுல் என்ற தியாக்கோன் (திருத்தொண்டர்) எழுதிவைத்திருக்கிறார். பாய்ந்து வரும் அம்பையும் கொள்ளைநோயையும் விவிலியத்தின் திருப்பாடல் 91 அடுத்தடுத்துச் சொல்கிறது. அம்பு தைத்தும் பிழைத்தவர் என்பதால் அம்பு போன்ற நோய்க்கு அவர் துணை. பேதியும் பெரியம்மையும் ஊரைக் காலிசெய்த காலத்தில் நம்ம பக்கத்து மக்களுக்கு இந்தக் கருத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது. உடம்பெங்கும் முத்துப் போட்ட பிள்ளையையும், உடம்பெங்கும் காயத்தோடு கண்திறந்து நிற்கும் இந்த வீரரையும் ஒருசேரப் பார்த்தவர்கள் அவர்கள். ஊர் எல்லையில் நிற்கும் பழைய குருசடிகளில் அவரைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது அந்தக் குருசடிகளில் மறுபடி மெழுகுவர்த்தி எரிந்தது.

எல்லையில் திறந்தவெளியில் நிற்கும் அந்தச் சுரூபங்களுக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். கண்ணாடிக் கூடு போடுகிறவர்கள் நான்கு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பாகிவிடும், ஃபைபரும் வெளுக்கும், பிளாஸ்டர் வண்ணமும் உரியும். கூட்டின் மேலும் கீழும் வலை வைத்த காற்றுவழி விடுங்கள். ஹாலஜன் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடுங்கள். வெளியிலேயே எரியும்படி மெழுகுவர்த்தித் தட்டைச் சுரூபத்திலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள்.

புதுச் சுரூபம் வைக்குமுன் பங்குச்சாமியாரிடம் சொல்லி, இடமும் அளவும் பேசி, மந்திரித்த பிறகு ஏற்றுவது முறை. சீராக்க முடியாமல் உடைந்த பழையதைக் குப்பையிலோ ஆற்றிலோ போடக் கூடாது. பிளாஸ்டரானால் உடைத்துக் கோயில் வளவிலேயே மிதிபடாத இடத்தில் புதைப்பார்கள். மரமானால் எரித்துச் சாம்பலைப் புதைப்பார்கள். ஃபைபரை எரிக்கக் கூடாது, நச்சுப்புகை வரும். அதைப் புதைத்தாலும் மட்காது. ஆகவே தேறிய முகத்தையும் கையையும் வெட்டியெடுத்துப் புது வார்ப்பில் பொருத்தித் தரும் பட்டறையைத் தேடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது அம்பை எண்ணிக்கைக்கு இரண்டு கூடுதலாகக் கேளுங்கள். ஒன்றைக் கோயில்பிள்ளையின் (கோயில் பணியாளரின்) சாவிப் பெட்டியிலும் மற்றொன்றைச் சப்பரத் தட்டின் அடியிலும் வைத்துவிடலாம். தேர் நடுத்தெருவில் நிற்கும்போது தேட வேண்டியிருக்காது.